அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தவன்

என் மனைவிக்கு வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாது. விழுப்புரத்தில் பஸ் ஏறினால் விக்கிரவாண்டி வருவதற்குள் முகம் வெளுத்துவிடும். கையில் ஓர் எலுமிச்சம்பழமும் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையும் இல்லாமல் அவள் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. அதனால் நான் ஓய்வுபெற்ற பிறகு கார் வாங்கியபோது முன்சீட்டு அவளுக்கு என்பது பேசாமலே முடிவாயிற்று. முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தால் அவளுக்குக் குமட்டுவதில்லை. நான் அவளுக்கு நேர் பின்னால் உட்காருவேன்.

அந்தக் காரில்தான் அவள் இறந்தாள். பெல்ட் போட்டிருந்த அவள் இறந்தாள், போடாத நான் பிழைத்தேன். இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து என் குடும்பம் ஒரு பொய்யைச் செய்துகொண்டது. அதைச் செய்தது நானில்லை. ஆனால் அதைக் கலைக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான், நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பொய்யை நம்பித்தான் என் பேத்தி காருக்குள் நின்றுகொண்டே பயணம் செய்யும் பிள்ளையாக வளர்ந்தாள். இதை நான் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

நான் ஏன் இடதுபக்கப் பின்சீட்டில் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் வருவாய்த்துறையில் வேலை பார்த்தவன். கடைசிச் சில ஆண்டுகள் எனக்கென்று அரசாங்கக் கார் இருந்தது. அதிகாரி பின்னால் இடதுபக்கம் உட்காருவார். உதவியாளர் அந்தப் பக்கத்துக் கதவைத்தான் ஓடிவந்து திறப்பார். சீட்டின்மேல் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். அந்தத் துண்டு என்பது ஒரு பதவி. துண்டு இல்லாத காரில் ஏறினால் ஏதோ குறைந்துபோனதாகத் தோன்றும். சொந்தக் கார் வாங்கியதும் நான் செய்த முதல் காரியம் பூப்போட்ட வெள்ளைத் துண்டு இரண்டு வாங்கி, பின்சீட்டில் ஒன்றை முதுகுக்கும் மற்றொன்றை உட்காரும் இடத்துக்குமாக விரித்து, ஊக்கு குத்தியதுதான். பெல்ட்டைச் செருகும் கொக்கி துருத்திக்கொண்டு துண்டைச் சுருங்க வைத்தது. அதை இரண்டு விரலால் அழுத்திச் சீட்டின் இடுக்குக்குள் தள்ளினேன். அது உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு அப்படி ஒன்று இருந்ததே எனக்கு மறந்துபோனது.

"ஆபீசரு ரிட்டையர் ஆயிட்டாரு, துண்டு இன்னும் சர்வீஸ்ல இருக்குது" என்று என் மனைவி பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் வாரம் ஒருமுறை அதைத் துவைத்து நீலம் போட்டுக் காயவைப்பவளும் அவள்தான்.

பணியில் இருந்தபோது சாலைப் பாதுகாப்புக் கூட்டங்களில் நான் பேசியிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் பேரணிக்குக் கொடி அசைத்திருக்கிறேன். பேசி முடித்துவிட்டு வந்து அந்தத் துண்டின்மேல் உட்கார்ந்து வீட்டுக்குப் போயிருக்கிறேன். பெல்ட் என்பது டிரைவருக்கும் அவர் பக்கத்தில் இருப்பவருக்கும் உரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பின்னால் இருப்பவனுக்கு முன்னால்தான் மெத்தென்று ஒரு சீட்டு இருக்கிறதே. அந்தச் சீட்டில் ஓர் ஆள் இருக்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை.

அன்று திண்டிவனத்தில் அவளுடைய தம்பி வீட்டுக் கல்யாணம். கார் வாங்கும்போதே எனக்குக் கண்ணில் புரை இருந்ததால் நான் வண்டி ஓட்டுவதில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னாலிருக்கும் கார் ஸ்டாண்டிலிருந்து ஓர் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டுக்கொள்வோம். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. நிதானமான ஆள். காலையில் கிளம்பும்போது அவர் என் மனைவியிடம் சொன்னார்:

"அம்மா, பெல்ட்ட போட்டுக்குங்க. டோல்கேட்டாண்ட கேமரா வெச்சிருக்கான்."

"பட்டுப்பொடவ கசங்கிடும்பா."

"ஃபைன் வந்தா பொடவ வெல வரும்மா."

அவள் சிரித்துக்கொண்டே பெல்ட்டை இழுத்தாள். முந்தானை ஊக்கில் அது மாட்டிக்கொண்டது. விடுவித்துப் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள். "என்னாங்க, திருடன புடிச்சிக் கட்டிக்கினு போற மாதிரி இல்ல? நீங்களும் போடுங்களேன், ஜோடியா உள்ள போவலாம்."

"எனக்கு எதுக்குடி? நான்தான் பின்னாடி இருக்கேனே" என்றேன்.

"பின்னாடி கேமரால வுழாது சார்" என்றார் டிரைவரும்.

அந்த விஷயம் அத்துடன் முடிந்தது. எங்கள் மூவருக்கும் பெல்ட் என்றால் கேமராதான் ஞாபகத்துக்கு வந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. அவள் தம்பி எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. வெற்றிலை பாக்கும் தேங்காயும் போட்ட தாம்பூலப் பைகள் நான்கை என் பக்கத்தில் சீட்டில் வைத்தார். திரும்பும்போது நல்ல வெயில். அவள் தலையில் கல்யாண வீட்டில் வைத்துவிட்ட மல்லிகை நிறைய இருந்தது. ஏசிக் காற்றில் அதன் வாசனை பின்னாலே வந்துகொண்டிருந்தது. பெண் வீட்டார் போட்ட சங்கிலி மெல்லிசாக இருந்ததைப் பற்றி அவள் ஏதோ சொன்னாள். நான் அரைத் தூக்கத்தில் உம் கொட்டினேன்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் மீடியன் இடைவெளியில் ஒரு மொபெட் குறுக்கே வந்தது. பின்னால் இரண்டு கட்டு மாட்டுத்தீவனம். ஓட்டியவர் எங்களைப் பார்க்கவே இல்லை. டிரைவர் பிரேக்கை மிதித்து வண்டியை ஒடித்தார். மொபெட் தப்பியது. நாங்கள் மீடியனில் போய் மோதினோம்.

கண் விழித்தபோது என் வாய்க்குள் பூ இருந்தது. மல்லிகை. பல்லிடுக்கிலும் நாக்கிலும் ஒட்டியிருந்தது. எப்படி வந்தது என்று புரியவில்லை. நான் பின்சீட்டில் இல்லை. முன்சீட்டு இரண்டுக்கும் நடுவே, ஒருபக்கமாக அவள்மேல் கிடந்தேன். அவள் சீட்டின் முதுகு முன்னால் சாய்ந்து ஒடிந்திருந்தது. ஒரு தேங்காய் முன்கண்ணாடியின் கீழே உடையாமல் இருந்தது. அது என்னையும் தாண்டிப் பறந்து போயிருக்க வேண்டும். டிரைவர் பக்கத்திலும் அவள் பக்கத்திலும் காற்றுப்பை விரிந்து தொங்கியது. டிரைவர் நெற்றியில் ரத்தம் வழிய, "அம்மா, அம்மா" என்று அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பிடித்து இழுத்து நிமிர்த்தவும் அவர்தான் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்குக் காறை எலும்பு முறிவு, இரண்டு முழங்காலிலும் அடி. அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மகன் திண்டிவனத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து ஓர் இளம் டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். அவள் இறந்துவிட்டதைச் சொன்னார். கழுத்தெலும்பு முறிந்து, வரும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். பிறகு, "வண்டியில நீங்க எங்க சார் உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"பெல்ட்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"உங்க வெயிட் என்ன சார்?"

ஊசி மருந்துக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். எண்பத்தைந்து கிலோ என்றேன். அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். நான் படித்தவன் என்பதாலோ, நானே கேட்டேன் என்பதாலோ, சொல்லிவிட்டார்.

"அவங்களுக்கு முன்பக்கம் பெரிய அடி எதுவும் இல்ல சார். பெல்ட்டும் ஏர்பேக்கும் செய்ய வேண்டியதச் செஞ்சிருக்கு. அடி பின்னாலேர்ந்து வந்திருக்கு. வண்டி நின்னுடுச்சு சார். நீங்க நிக்கல."

அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அப்போது அந்த அறையில் வேறு யாரும் இல்லை. அதாவது, அந்தச் செய்தி என்னிடம் மட்டும் வந்து சேர்ந்தது.

மறுநாள் வீட்டில் அவளைக் குளிப்பாட்டிய பெண்கள் அவள் உடம்பில் ஒரு தடத்தைப் பார்த்தார்கள். தோளிலிருந்து மார்பின் குறுக்கே இடுப்பு வரை, கருநீலமாக, பெல்ட்டின் அகலத்துக்கு. ஒருத்தி வெளியே வந்து சொன்னாள். பந்தலில் இருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் தம்பி, கல்யாணத்தை முடித்த கையோடு அக்காவின் சாவுக்கு வந்தவர், தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அந்த பெல்ட்டுதான்டா எங்கக்காவ நெரிச்சிப்புட்டுது. போடாத மாமா உக்காந்துக்கினு இருக்காரு பாரு. போட்டுக்கினு போனது போயே போச்சி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பரிதாபமாக. நான் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தடம் அவளைக் காப்பாற்ற பெல்ட் இழுத்துப் பிடித்த தடம் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம்.

அப்போதுதான் அந்த டிரைவர் வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி, கையில் ஒரு மாலை. பந்தலுக்குள் காலடி வைத்ததும் என் மகன் எழுந்து போனான். டிரைவர் அழுதுகொண்டே, "சார், நான் அம்மாவுக்கு பெல்ட்டுகூட போடச் சொல்லி..." என்று ஆரம்பித்தார். தன் பக்கத்தில் தவறு இல்லை என்று காட்ட அவரிடம் இருந்த ஒரே வார்த்தை அது.

மகன் அறைந்தான். மாலை கீழே விழுந்தது.

"எங்கம்மாவ கட்டிப்போட்டுக் கொன்னுட்டியேடா."

இன்னொரு முறையும் அறைந்தான். டிரைவர் கையைத் தூக்கவில்லை. யார் யாரோ இடையில் புகுந்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்தார். காருக்குள் என்னை அவள் மேலிருந்து இழுத்து எடுத்தவர் அவர். நான் எங்கே கிடந்தேன் என்று கண்ணால் பார்த்தவர். அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆம், என் மனைவியைக் கிடத்தியிருந்த பந்தலில் நான் பயந்தது அதற்குத்தான். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். அவர் எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் பெல்ட் என்றால் சாவு என்றாகிவிட்டது. மச்சான் போகிற இடமெல்லாம் அக்காவின் கதையைச் சொன்னார். திண்டிவனத்தில் இருக்கும் என் மகன் புதுக் கார் வாங்கினான். பெல்ட் போடாவிட்டால் அது கத்துகிறது என்று, பெல்ட்டின் நாக்கு மட்டும் தனியாக விற்கிறார்களே, அதை வாங்கிச் செருகி அதன் வாயை அடைத்தான். என் பேத்திக்கு அப்போது ஆறு வயது. முன்சீட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, அப்பாவின் தோளில் ஒரு கையும் அம்மாவின் தோளில் ஒரு கையுமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வருவாள். நான் பின்னால் உட்கார்ந்து அவள் பாவாடையின் நாடாவைப் பிடித்துக்கொள்வேன். "தாத்தா, கூச்சமா இருக்குது, வுடு" என்பாள். ஒரு நாடாவால் ஒரு குழந்தையைப் பிடித்து நிறுத்திவிடலாம் என்பதுபோல நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்வதைவிட அது எளிதாக இருந்தது.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. தை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் விழுப்புரம் வந்து என்னை ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு திருவக்கரைக் கோயிலுக்குக் கிளம்பினான். உள்ளூர்ச் சாலை. பாதிச் சாலையை அடைத்து, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையைக் காயப்போட்டிருந்தார்கள். காரின் வேகம் அதிகமில்லை. எதிரே ஒரு மினி பஸ் வந்தது. மகன் மல்லாட்டைமேல் ஏற்றாமலிருக்கப் பிரேக் போட்டான். அவ்வளவுதான். நாடா என் விரலிலிருந்து உருவிக்கொண்டு போனது. பேத்தி முன்னால் போய் கியர் கம்பியில் வாயை மோதிக்கொண்டாள்.

உதடு கிழிந்து ஒரு பால்பல் விழுந்திருந்தது. மருமகள் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். சட்டையெல்லாம் ரத்தம். மல்லாட்டை கிளறிக்கொண்டிருந்த அம்மாள் ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"ஏம்பா, கொழந்தைய ஆட்டுக்குட்டி மாதிரி நிக்க வெச்சிக்கினு ஓட்டுறியே, கண்ணு தெரியல?"

"ரோடு என்னா உங்க வூட்டுக் களமா? நடுரோட்டுல மல்லாட்டைய கொட்டிக்கினு பேச வந்துட்டீங்க."

"மல்லாட்டை எங்கயும் ஓடலப்பா. உம் பொண்ணுதான் பறந்துச்சி."

மருமகள் குழந்தையின் வாயைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, பின்னாடி உக்கார வெச்சி பெல்ட்டு போட்டிருக்கலாம்ல?"

"பெல்ட்டு போட்டுக்கினுதான எங்கம்மா போச்சி" என்றான் மகன். "போடாத எங்கப்பா இதோ நிக்கிறாரு."

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அவளுக்கு அது பாடம்போல மனத்தில் பதிவதை நான் கண்முன்னே பார்த்தேன்.

மகனைக் கையைப் பிடித்து ஒரு புளியமரத்தடிக்கு அழைத்துப்போனேன்.

"அம்மா பெல்ட்டால சாவல" என்றேன்.

"பின்ன?"

"என்னால."

"சும்மா இருப்பா. நீ என்னா பண்ணுவ பாவம்."

"நான் பெல்ட்டு போடல. வண்டி நின்னப்போ நான் நிக்கல. பறந்துபோயி அவ சீட்டு மேல வுழுந்தேன். என் கனம்தான் அவ கழுத்த ஒடிச்சிது. டாக்டர் எங்கிட்ட சொன்னார்."

"எப்போ சொன்னாரு?"

"அன்னிக்கே."

அவன் காரின் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் என்ன யோசிக்கிறான் என்று நான் தவறாக நினைத்தேன். அம்மாவை நினைக்கிறான் என்று எண்ணினேன்.

"அப்போ அந்த டிரைவர நான் அடிக்கும்போது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினேதான் உக்காந்துக்கினு இருந்த."

"ஆமா."

"ரெண்டு அறை வுட்டேன்பா. ஊரே பாத்துக்கினு இருந்துச்சி. மாலை வாங்கிக்கினு வந்த ஆள." அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டான். "நீ அம்மா மேல வேணும்னா வுழுந்த? இல்ல. அத வுடு. வாயத் தொறக்காம இருந்தியே, அது யாருக்காக?"

எனக்காக என்று சொன்னேன்.

காருக்குத் திரும்பினான். செருகியிருந்த அந்தப் போலி நாக்கைப் பிடுங்கிச் சாலையோரப் பள்ளத்தில் எறிந்தான். குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் அவள் கழுத்தில் உரசாமலிருக்கக் கீழே ஒரு போர்வையை மடித்துப் போட்டு, மாட்டிவிட்டான். பிறகு மனைவியிடம், "நீ பாப்பாகூட பின்னாடி உக்காரு. அப்பா முன்னாடி வரட்டும்" என்றான்.

"மாமாவுக்கு முன்னாடி கால நீட்ட முடியாதேங்க. முட்டி வலி."

"வரட்டும். அவருக்கு முன்னாடி இனிமே யாரும் உக்கார வேணாம்."

கோயிலுக்குப் போகவில்லை. என்னை விழுப்புரத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். வழி முழுக்க பெல்ட் என் பழைய காறை எலும்பின்மேல் அழுத்திக்கொண்டிருந்தது. நான் அதைத் தளர்த்தவில்லை.

அதன் பிறகு மருமகள்தான் போன் செய்கிறாள். குழந்தை இப்போது பெல்ட் இல்லாமல் உட்காருவதில்லையாம். மச்சான் வீட்டுக் காரில் ஏறியபோது, "கொக்கி எங்க?" என்று கேட்டு, சீட்டு இடுக்கிலிருந்து அதைத் தோண்டி எடுக்க வைத்தாளாம். மகன் ஒரே ஒரு முறை பேசினான். அந்த டிரைவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டான். எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்து ஸ்டாண்டில் யாரும் அவரைக் கூப்பிடாமல் போனதால் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கடைக்குப் போகும்போது நான் அவரைப் பார்த்திருக்கிறேன், பார்த்ததும் எதிர்ப்பக்கம் மாறிவிடுவேன். இடத்தைச் சொன்னேன். நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாம்" என்றான். "நான் அடிச்சதுக்கு நான் போறேன். உன்னுது உன்னுது."

அவன் போய்விட்டு வந்ததாக மருமகள் சொன்னாள். டிரைவர் என்ன சொன்னார் என்று அவளுக்கும் தெரியவில்லை. திரும்பிவந்து வெகு நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தானாம்.

அவர் ஆட்டோ நிறுத்தும் இடம் என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். முழங்கால் வலியைச் சாக்காகச் சொல்ல முடியாது. இதை எழுதத் தொடங்கும் முன்பே போயிருக்க வேண்டும். எழுதிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். எழுதியாயிற்று. இன்னும் போகவில்லை.